சிறையை நம்பிப் பிழைக்கும் ஊர்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பிழைப்பு வேண்டும். திருச்செங்கோட்டார்க்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள்; நாமக்கல்லுக்குக் கோழிப் பண்ணையும் லாரித் தொழிலும்; ஆத்தூர் வட்டாரத்துக்கு மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலையும்; பள்ளிபாளையம், குமாரபாளையம் மக்களுக்கு விசைத்தறி. மழை பொய்த்தாலும், நூல் விலை ஏறித் தறிகள் நின்றாலும், இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் செல்லும் துயரத்தை நம் பங்குகளில் அறியாத குடும்பம் இல்லை. எனவே, புதிய தொழில் ஒன்று ஊருக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் மக்கள் மகிழ்வது இயல்பே.

அத்தொழில் ஒரு சிறைச்சாலையாக இருந்தால் என்ன செய்வது? அதுவும், ஒரு தனியார் நிறுவனம் இலாபம் கருதி நடத்தும் சிறையாக இருந்தால்? நம் நாட்டில் இன்று வயது வந்தோர்க்கு அத்தகைய சிறை இல்லை. ஆயினும் இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. அயல் நாட்டில் ஒரு சிறு நகரம் இதே கேள்விக்கு 'ஆம்' என்று விடை கூறிப் படாதபாடு பட்டது. நம் பழைய சென்னை மாகாணத்திலும் நூறாண்டுகளுக்கு முன் இதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருந்தது. அதன் வடு நம் சேலம் மண்ணில் இன்னும் ஆறவில்லை.

ஆளில்லாச் சிறை

அமெரிக்க நாட்டின் மாண்டானா மாநிலத்தில் ஹார்டின் என்றொரு சிறு நகரம் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 3,500. வேலை வாய்ப்பு குறைந்த வறிய பகுதி. சிறை ஒன்றைக் கட்டித் தனியாரிடம் ஒப்படைத்தால் நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு வேலை கிடைக்கும், கடைகளில் வியாபாரம் பெருகும் என்று அந்நகரத்தாருக்கு ஆசை காட்டப்பட்டது. கடன் பத்திரங்கள் மூலம் 2 கோடியே 70 இலட்சம் டாலர் திரட்டி, 464 பேர் தங்கக்கூடிய சிறையை 2007-இல் கட்டி முடித்தார்கள்.

கட்டடம் எழுந்தது, கைதிகள் வரவில்லை. மாநில அரசு தனக்கு அச்சிறை தேவையில்லை என்றது. வெளி மாநிலக் கைதிகளைக் கொணர வழக்காடி உரிமை பெற்றும் ஆள் சேரவில்லை. 2008-இல் கடன் தவணை தவறியது. 2009-இல், உலகமே அஞ்சிய குவாண்டானமோ தடுப்பு முகாமின் கைதிகளையாவது எங்களுக்குத் தாருங்கள் என்று அந்நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது! அதே ஆண்டில், சிறையை ஏற்று நடத்துவதாகக் கூறிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் பெயரால் ஒருவர் வந்தார். அவரே முன்னர் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் என்பது பின்னரே தெரிய வந்தது. அந்த ஏற்பாடும் கலைந்தது. பிற்பாடு சிறை சிலகாலம் திறந்தும் மூடியும் கிடந்தது.

பணம் போனதைவிட இதில் வருந்தத்தக்க வேறொன்று உண்டு. நல்லவர்களும் உழைப்பாளிகளுமான அம்மக்கள், எங்கேனும் யாரேனும் குற்றம் செய்து தண்டனை பெற்றுத் தம் ஊருக்கு வந்து சேரமாட்டார்களா என்று எதிர்பார்த்திருக்கும் நிலைக்கு ஆளானார்கள். சவப்பெட்டி விற்பவனும் அயலான் சாவுக்காக வேண்டிக்கொள்வதில்லை. ஹார்டின் மக்களை அதற்கும் கீழான நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கட்டடம்.

தலைக்கு இவ்வளவு

தனியார் சிறை எவ்வாறு பொருள் ஈட்டுகிறது? அமெரிக்காவில் 1983-இல் இதற்கென முதற் பெரு நிறுவனம் தோன்றியது. பொதுவாக, ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. தங்கும் விடுதியில் அறை காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு நட்டம். அவ்வாறே, சிறை அறை காலியாக இருந்தால் நிறுவனத்துக்கு நட்டம். எனவே, அறைகளில் நூற்றுக்கு 80 முதல் 100 வரை நிரம்பியிருக்கும் என்று அரசு உறுதி கூறும் விதியைப் பல ஒப்பந்தங்களில் சேர்த்தார்கள். ஆள் குறைந்தாலும் அரசு பணம் தர வேண்டும். குற்றம் குறைவது நாட்டுக்கு நன்மை, ஒப்பந்தக்காரருக்கோ இழப்பு. திருந்திய கைதி விரைவில் வீடு திரும்புவது தாய்க்கு மகிழ்ச்சி; கணக்குப் பிள்ளைக்கு வரவில் ஒரு குறை.

இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை சென்றால் என்ன ஆகும் என்பதைப் பென்சில்வேனியா மாநிலத்தின் லூசெர்ன் மாவட்டம் காட்டியது. அங்கே இரு நீதிபதிகள், தனியார் சிறுவர் காவல் இல்லங்களோடு தொடர்புடையவர்களிடமிருந்து 28 இலட்சம் டாலர் பெற்றுக்கொண்டனர். அற்பக் குற்றங்களுக்கும் சிறுவர் சிறுமியர் காவலுக்கு அனுப்பப்பட்டனர். பள்ளித் துணைத் தலைவரை இணையப் பக்கத்தில் கேலி செய்த ஒரு சிறுமிக்கும் மூன்று மாதக் காவல் விதிக்கப்பட்டது. 2009-இல் உண்மை வெளிப்பட்டது. அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை நீக்கியது. நீதிபதிகளுள் ஒருவருக்கு 2011-இல் 28 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அப்பிள்ளைகள் இழந்த பள்ளி நாட்களை யார் திருப்பித் தருவார்?

நம் மண்ணில் நடந்தது

இவையெல்லாம் அமெரிக்கக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை வட இந்தியாவில் இயற்றியது. 1911-இல் அது விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அச்சட்டத்தின் கீழ் வந்தவர்களுள் கொறவர் சமூகத்தினரும் இருந்தனர். அவர்களுள் ஒரு சாரார் கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பு ஏற்றிச் சென்று உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றிப் பிழைத்த வணிகர். அரசின் உப்புக் கொள்கையும் புகைவண்டிப் பாதையும் அவ்வணிகத்தைப் பறித்தன. பிழைப்பை இழந்து அலைந்தவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் முத்திரையிட்டது.

இவர்களைத் 'திருத்துவதற்கு'க் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றை நடத்தும் பொறுப்பைத் தனி அமைப்புகளிடம் அரசு ஒப்படைத்து, உதவித் தொகையும் வழங்கியது. குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்புரத்தை இரட்சணிய சேனை நடத்தியது. நெல்லூரைச் சார்ந்த காவலியில் அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷன் நடத்தியது. பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்த்தல், அனுமதிச் சீட்டின்றி வெளியே போகத் தடை, மீறினால் தண்டனை என்பனவெல்லாம் அங்கே வழக்கம். ஸ்டூவர்ட்புரத்தார் பலர் அண்மையில் இருந்த சீராலாப் புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலையாட்களாயினர். தப்பிப் போக முடியாத தொழிலாளர் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

அக்குடியேற்றங்களை நடத்தியவர்கள் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. பள்ளி வைத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், நோயுற்றோரைப் பேணினார்கள். கிறிஸ்துவின் பெயரால் வந்து, தம் வாழ்நாளையே அதற்குச் செலவிட்டவர்களும் அவர்களுள் உண்டு. ஆயின், குடியேற்றம் நிலைபெற வேண்டுமானால் அங்கே வாழ்பவர்கள் குற்றவாளிகளாகவே கருதப்பட வேண்டும். அங்குப் பிறந்த குழந்தையும் அம்முத்திரையோடேயே பிறந்தது. நல்ல உள்ளங்களாலும் அந்த ஏற்பாட்டின் தீமையை அகற்ற முடியவில்லை. நம் போன்ற சமய நிறுவனத்தார் இதை மறவாதிருத்தல் நலம்.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-இல் நீங்கியது. ஆனால் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'சேலம் மேல்நாடு கொறவர்', 'சேலம் உப்புக் கொறவர்', 'ஆத்தூர் கீழ்நாடு கொறவர்', 'ஆத்தூர் மேல்நாடு கொறவர்' என்று நம் ஊர்ப் பெயர்களே அங்கு நிற்கின்றன. அவர்கள் நம் அயலார். எங்கேனும் திருட்டு நடந்தால் அவர்கள் குடியிருப்பை நோக்கி முதலில் திரும்புகிற கண் இன்னும் நம் ஊர்களில் உண்டு அல்லவா?

தண்டிக்கும் உரிமை யாருடையது?

ஒருவனைப் பூட்டி வைப்பது பெரிய அதிகாரம். அதை அரசு செய்யும்போது மக்களாகிய நம் எல்லாருடைய பெயராலும் செய்கிறது. இஸ்ரேல் நாட்டு உச்ச நீதிமன்றம் 2009 நவம்பரில், ஒரு தனியார் சிறைக்கு வழி செய்த சட்டத்தை, அது மனித மாண்புக்கும் உரிமைக்கும் மாறானது என்று கூறித் தள்ளியது. சிறை நன்றாக நடக்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என அது காத்திருக்கவில்லை. இலாபத்துக்காக ஒருவனை அடைத்து வைப்பதே அவன் மாண்பைக் குலைக்கும் என்பது அதன் கருத்து. அமெரிக்க ஆயர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இலாப நோக்குடைய நிறுவனங்கள் கைதிகளைத் திருத்துவதில் அக்கறை காட்டுமா என்று ஐயம் எழுப்பினர்.

அரசுச் சிறைகள் குறையற்றவையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1862 முதல் நம் நடுவே நிற்கும் சேலம் மத்தியச் சிறையில்தான் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர். அரசின் மதிற்சுவருக்குள்ளும் கொடுமை நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. எனினும், அரசு தவறினால் சட்டமன்றத்தில் கேட்கலாம், தேர்தலில் கேட்கலாம். நிறுவனமோ தன் பங்குதாரருக்கே முதலில் கணக்குச் சொல்லும். கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கும் இடத்திலேயே இத்தனை துன்பம் என்றால், அவ்வுரிமையையும் விற்றுவிடலாமா?

நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள். பிணை நிற்க ஆளில்லாத ஏழைகள் அவர்களுள் ஏராளம். தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் வருவாய் பெறும் இடத்தில் அவர்கள் விடுதலைக்காக யார் விரைவார்?

நாம் செய்ய வேண்டுவது

நம் அரசியல் சட்டப்படி சிறைகளும் சீர்திருத்த இல்லங்களும் மாநில அரசின் பொறுப்பு. ஆயினும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறுவர்க்கான கூர்நோக்கு இல்லங்களையும் சிறப்பு இல்லங்களையும் அரசு தானே நடத்தலாம். தன்னார்வ நிறுவனங்கள் வழியாகவும் நடத்தலாம் என்கிறது. எனவே இக்கேள்வி நம் ஊர்களுக்கு வருமானால், பெரும்பாலும் பிள்ளைகளின் வடிவிலேயே வரும். இடம் கேட்டு வருகிறவர் நல்லவராகவே இருக்கலாம். அப்போதும் ஊர்ப் பெரியவர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். பணம் தலைக்கணக்கிலா, மொத்தமாகவா? பிள்ளைகள் குறைந்தால் இல்லத்துக்கு நட்டமா? முன்னறிவிப்பின்றி உள்ளே சென்று பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? பெற்றோர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம்? பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முடிவில், பணம் பெறுகிறவருக்குப் பங்கு உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை எழுத்தில் கிடைக்காவிட்டால், வேலை வாய்ப்பு எவ்வளவு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஊருக்கு வேண்டும்.

சிறைக்குள் தனியார் தொண்டே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. புனித யோசேப்பு கபாசோ தூரின் நகரச் சிறைகளில் தூக்குத் தண்டனை பெற்றோருடன் தங்கி ஆறுதல் அளித்தார். அவரோடு சிறைக்குச் சென்று இளம் கைதிகளைக் கண்ட புனித தொன் போஸ்கோ, அவர்கள் மீண்டும் அங்கே வராதிருக்க வழி தேடினார். இந்தியாவில் 1981-இல் கேரளத்தில் தொடங்கிய சிறைப் பணி இன்று நாடெங்கும் பரவியுள்ளது. இவர்கள் எவரும் சாவியைக் கையில் வாங்கவில்லை. சிறை காலியாவதே இவர்களுக்கு மகிழ்ச்சி.

அன்பார்ந்த குடும்பத்தினரே, சிறையிலிருப்போரைத் தேடிச் சென்றோமா என்று இறுதி நாளில் நாம் வினவப்படுவோம் என நற்செய்தி கூறுகிறது. அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டங்களிலுள்ள கிளைச் சிறைகளுக்கும் சேலம் மத்தியச் சிறைக்கும் அலுவல் சாராப் பார்வையாளர்களாகப் பொதுமக்கள் நியமனம் பெற விதி உண்டு. தகுதியுடைய பொதுநிலையினர் முன்வரலாம். சட்டம் படித்த நம் பிள்ளைகள், பிணை கிடைத்தும் வெளிவர முடியாத ஓர் ஏழைக்காக மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர், தந்தை சிறையிலிருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கேட்டறியலாம். விடுதலையாகித் திரும்புகிறவனுக்குத் தறிப்பட்டறையிலோ கோழிப்பண்ணையிலோ லாரிப் பட்டறையிலோ ஒரு வேலை கொடுக்க நம்முள் எத்தனை முதலாளிகள் அணியமாயிருக்கிறோம்? அவ்வேலை கிடைக்காமல்தான் பலர் திரும்பவும் அதே வாயிலில் போய் நிற்கிறார்கள்.