வயிற்றுவலி முதுகுக்குப் பாய்கிறதா? கணையத்தைக் கவனியுங்கள்

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் வயிற்றுவலி என்றாலே ‘கேஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். சோடா, ஓமத் தண்ணீர் என்று நாட்களைக் கடத்துகிறோம். வலி கணையத்திலிருந்து வந்தால் இந்தத் தாமதம் ஆபத்தாகிவிடும்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். உணவைச் செரிக்கும் நொதிநீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுதான். பித்தப்பைக் கல் இறங்கி அடைத்தாலோ, மதுப்பழக்கத்தாலோ இது திடீரென வீங்கலாம். மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பாயும், வாந்தி வரும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தத்தில் அமிலேஸ், லைப்பேஸ் அளவைப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் கண்டறிவார்கள். பெரும்பாலோருக்குக் கணையத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படாது. கல்தான் காரணமென்றால் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நோய் திரும்பக்கூடும்.

குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களுக்கு வரும் நாட்பட்ட கணைய அழற்சி, தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுகிறது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960களிலேயே இதை விரிவாக ஆராய்ந்தார். கணையக் குழாயில் கற்கள் சேரும். அடிக்கடி வலி, உடல் மெலிவு, எண்ணெய்ப் பசையுள்ள மலம், இளவயதிலேயே சர்க்கரை ஆகியவை அடையாளங்கள். மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று முன்பு எண்ணினார்கள், அது நிரூபணமாகவில்லை. மரபணுவுக்கும் பங்குண்டு.

மருந்துக்கு வலி அடங்காவிட்டால், குழாயை நீளவாக்கில் திறந்து, கற்களை அகற்றி, சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். பலருக்கு வலி நன்கு குறையும். சர்க்கரை நோய் நீங்காது. இன்சுலினையும், உணவோடு உட்கொள்ளும் நொதி மாத்திரைகளையும் தொடர வேண்டும். ரமலானில் மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை, உடல் அரிப்பு, வெளிறிய மலம் கண்டால் கீழாநெல்லி குடித்துக் காத்திருக்காதீர்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கலாம். பரவுமுன் கண்டால் ‘விப்பிள்’ அறுவை சிகிச்சையில் அதை அகற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து உதவுகிறோம்.