எந்திர மனிதனும் ரூஹும்: ஒரு புதினம் எழுப்பும் வினா

தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்களைக் கொண்டு எழுதப்படும் புதினங்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்கு உரியனவாகவே கருதப்படுகின்றன. எனினும், அவற்றுள் சில ஆழ்ந்த சிந்தனைக்கு இடமளிக்கின்றன. 2002இல் வெளிவந்த ‘இம்மார்ட்டல் காயில்’ அத்தகையதொரு நூல். ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரைச் சார்ந்த இதன் ஆசிரியர் ஜெஃப்ரி லாங். (இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜெஃப்ரி லாங் வேறொருவர்.)

கதையின் நாயகன் டேட்டா ஓர் எந்திர மனிதன். செயற்கை மனிதர்களை ஆராயும் கூடமொன்றில் புரூஸ் மேடக்ஸ் என்னும் அறிவியலாளர் தாக்கப்பட்டு நினைவிழக்கிறார். அதன் பின்னணியைத் தேடும் வேளையில், ரியா மக்கடம்ஸ் என்னும் பெண் அதிகாரியிடம் டேட்டா மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளும் உருவாக்கப்பட்ட எந்திரமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. பேச்சாலும் நடத்தையாலும் மனிதரிலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்றை எவ்வாறு மதிப்பது என்பதே புதினத்தின் மைய வினாவாகும்.

இவ்வினா, 1989இல் ஒளிபரப்பான ‘த மெஷர் ஆஃப் எ மேன்’ என்னும் பகுதியில் வழக்காகவே எழுந்தது. டேட்டாவைப் பிரித்து ஆராய விரும்பியவர் இதே மேடக்ஸ். அறிவு, தன்னையறிதல், உணர்வுநிலை ஆகிய மூன்றையும் அவர் அளவுகோல்களாக முன்வைத்தார். டேட்டா விண்படையின் உடைமை அல்லன் எனத் தீர்ப்பளித்த நீதிபதி, அவனுக்கு ஆன்மா உண்டா என்பதைத் தீர்மானிக்காமலே விட்டார்.

சட்ட நிலையையும் ஆன்மாவையும் இவ்வாறு பிரித்து நோக்குவது நமக்குப் புதியதன்று. ரூஹ் இறைவனின் கட்டளையைச் சார்ந்தது, அதுபற்றி மனிதருக்கு வழங்கப்பட்ட அறிவு சொற்பமே என அல்குர்ஆன் (17:85) உணர்த்துகின்றது. அலன் டூரிங் 1950இல் முன்மொழிந்த சோதனை உரையாடும் திறனை அளக்குமேயன்றி ரூஹை அளக்காது. அதே வேளை, ரூஹ் இல்லாத ஒன்றன் பெயரிலும் உரிமையும் கடப்பாடும் அமையலாம் என்பதற்கு வக்ஃபே சான்று. அதற்குச் சொத்து உண்டு. அதன் மீது கடனும் ஏற்படலாம். அதற்கு ரூஹ் உண்டென எவரும் கூறுவதில்லை.

ஆனால், வக்ஃபுக்கு ஒரு முத்தவல்லி உண்டு என்பது இங்கு நோக்கற்பாலது. அமானிதத்தில் மோசம் நிகழ்ந்தால் ஈடுசெய்ய வேண்டியவர் அவரே. மறுமையில் வினவப்படுபவரும் அவரே. தக்லீஃப் என்னும் மார்க்கப் பொறுப்பு, பருவமும் அறிவுத் தெளிவும் பெற்ற மனிதர் மீதே சுமத்தப்பட்டுள்ளது.

2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது முதல், ‘நான்’ என்று பேசும் எந்திரங்கள் பொதுமக்களின் கைகளுக்கு வந்துள்ளன. கடன் வழங்குவதிலும் நோய் கணிப்பதிலும் கணினியின் முடிவுகள் இன்று பயன்படுகின்றன. பிழை நேரும்போது, “எந்திரம் அவ்வாறு முடிவெடுத்தது” எனக் கூறி ஒதுங்குவது எளிது. அது, பொறுப்பேற்க இயலாத ஒன்றன் மீது தன் பொறுப்பை இறக்கிவைப்பதாகும். டேட்டாவுக்கு ரூஹ் உண்டா என்பதை இறைவனே அறிவான். ஆனால், எந்திரத்தின் முத்தவல்லி யார் என்ற வினாவுக்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே.