ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நீதி மாவட்டங்கள்

சமஷ்டி ஆட்சி பற்றிக் கற்கும் மாணவர்கள், நீதிமன்றங்களின் எல்லைகளையும் அவை கூடும் இடங்களையும் தீர்மானிப்பவர் யார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இதற்கு ஐக்கிய அமெரிக்கா சிறந்த உதாரணமாகும்.

1. அதிகாரம் யாரிடம்?
அமெரிக்க அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றம் ஒன்றை மட்டுமே நேரடியாக ஏற்படுத்துகின்றது. அதற்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களை அமைப்பது காங்கிரசின் பொறுப்பாகும். அதன்படி 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 13 நீதி மாவட்டங்களை உருவாக்கியது. இதை 13 மாநிலங்களுக்கு 13 மாவட்டங்கள் எனக் கருதிவிடக் கூடாது. அப்போது அரசியலமைப்பை ஏற்றிருந்தவை 11 மாநிலங்களே. மசாசூசெட்ஸைச் சேர்ந்த மெயினும் வேர்ஜீனியாவைச் சேர்ந்த கென்டக்கியும் தனி மாவட்டங்களாக்கப்பட்டமையால் தொகை 13 ஆயிற்று.

2. இன்றைய அமைப்பு
இன்று 94 மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு மாவட்டம் உண்டு. கலிபோர்னியா, நியூயோர்க், ரெக்சாஸ் ஆகியவற்றில் நான்கு வீதம் உள்ளன. சட்டக்கோவையின் 28ஆம் தலைப்பில் 81 முதல் 131 வரையான பிரிவுகள் பின்வருவனவற்றைக் குறிப்பிடுகின்றன.
(அ) மாநிலத்திலுள்ள மாவட்டங்களும் அவற்றின் எல்லைகளும்
(ஆ) நீதிமன்றம் கூடும் நகரங்கள்
எனவே ஒரு நகரத்தை இப்பட்டியலிற் சேர்க்கவோ நீக்கவோ காங்கிரஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும். சனாதிபதியோ நீதிபதியோ தாமாக அதனை மாற்ற முடியாது.

3. இது ஏன் முக்கியமானது?
குடியேற்ற மக்களை விசாரணைக்காகக் கடல் கடந்து கொண்டுசெல்வது, 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம் பிரித்தானிய மன்னர் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகும். 1791இல் நடைமுறைக்கு வந்த 6ஆம் திருத்தம் இதற்கு இடமில்லாமற் செய்தது. குற்றம் நிகழ்ந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த யூரர்களே விசாரிக்க வேண்டும். அம்மாவட்டம் சட்டத்தால் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். குற்றம் நடந்த பின்னர் எல்லையை மாற்ற முடியுமாயின், அரசாங்கம் தனக்குச் சாதகமான யூரர்களைத் தேடிக்கொள்ளும் அல்லவா?

4. ஒரு விசித்திர உதாரணம்
யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் சிறு பகுதிகள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் உள்ளன. ஆயினும் 131ஆம் பிரிவு பூங்கா முழுவதையும் வயோமிங் மாவட்டத்திற் சேர்த்துள்ளது. ஐடஹோப் பகுதியில் குற்றம் நிகழ்ந்தால், யூரர்கள் ஐடஹோ மாநிலத்தவராகவும் வயோமிங் மாவட்டத்தவராகவும் இருத்தல் வேண்டும். அத்தகையோர் வாழக்கூடிய ஒரே இடம் மக்கள் குடியிருப்பற்ற அப்பகுதியே! எல்லைக்கோடு ஒன்று நீதி விசாரணையையே சிக்கலாக்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

மனதிற் கொள்க: எல்லையை வகுப்பது சட்டமன்றம், அந்த எல்லைக்குள் தீர்ப்பளிப்பது நீதிமன்றம்.

மாதிரி வினா: நீதி மாவட்டங்கள் முன்கூட்டியே சட்டத்தால் வரையறுக்கப்படுவதால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை விளக்குக.