சொல்லக் கூசும் ஒரு குறை

இருமலோ தும்மலோ வரும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, தம்மையறியாமல் சில சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது என்பதை நம் தாய்மாருள் எத்தனை பேர் வெளியில் சொல்வர்? கணவரிடம் சொல்வதில்லை, பெற்ற மகளிடமும் சொல்வதில்லை. டாக்டரிடம் போனாலும் முழங்கால் வலியை மட்டும் சொல்லி மருந்து வாங்கித் திரும்பிவிடுகின்றனர். ஞாயிறு திருப்பலிக்கு வந்தால் கோவிலின் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி இடம் பார்த்துக்கொள்கின்றனர். செய்யாற்றிலிருந்து ஆரணிக்கோ வேலூருக்கோ பேருந்தில் போகவேண்டுமெனில், காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. பட்டு நெய்யும் வீட்டிலேயே, திருமணத்துக்குப் பட்டுச் சேலை உடுத்தத் தயங்கும் தாய் உண்டு. அவர் சொல்லும் காரணம் வேறாகவே இருக்கும். “பிள்ளை பெற்ற உடம்பு, வயதும் ஆகிவிட்டது, இனி இப்படித்தான்” என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றனர்.

அத்தீர்ப்பு தவறானது. இக்குறை பெரும்பாலும் தளர்ந்துபோன தசைகளால் வருவது. கைகால் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்துவதுபோல் இத்தசைகளையும் வலுப்படுத்த முடியும். அதற்கு மருந்தோ கருவியோ தேவையில்லை. வீட்டைவிட்டு வெளியே போகவும் வேண்டியதில்லை.

நாணம் காரணமாகப் பெண்கள் உடல் துன்பத்தை மறைத்ததற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை நம் வட்டாரம் அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவிலிருந்து தம் பெற்றோரிடம் திண்டிவனத்துக்கு வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துப்போகுமாறு சொன்னார். ஆடவர் ஒருவர் தம் மனைவியரைப் பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துபோயினர். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் பயிலச் செய்தது. அவர் 1900-ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1918-இல் அவர் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

இன்று பெண் டாக்டர்களுக்குக் குறைவில்லை. நாணம் மட்டும் போனபாடில்லை. சிறுநீர்க் கசிவு உயிரைப் பறிப்பதன்று என்பது உண்மையே. ஆயினும் ஒரு தாயை உறவினர் வீட்டிலிருந்தும் திருவிழாவிலிருந்தும் கோவிலிலிருந்தும் சிறிது சிறிதாகப் பிரித்து மூலையில் உட்காரவைத்துவிடுகிறது.

குறையின் காரணத்தைப் பார்ப்போம். நம் இடுப்பெலும்புக் கூட்டுக்கு அடியில் எலும்பு கிடையாது. திறந்த வாய்தான் உண்டு. முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரைக்கும், குழந்தைக்குச் சேலையில் கட்டும் தூளியைப்போல, தசைகள் அவ்வாயை மூடித் தாங்குகின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அத்தூளியின்மேல் அமைந்துள்ளன. இவற்றை இடுப்படித் தசைகள் எனலாம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. இருமும்போது வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையின்மேல் பாய்கிறது. அந்நேரம் இத்தசைகள் கீழிருந்து இறுக்கிப் பிடித்தால் குழாய் மூடிக்கொள்ளும். தூளி தொய்ந்திருந்தாலோ, நீர் கசிந்துவிடும். பாவு தொய்ந்தால் தறியில் என்ன ஆகுமென்பது நெசவாளர் குடும்பங்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் தறியையே கழற்றி எறிவதில்லை.

தூளி தொய்வதற்குத் தலையாய காரணம் பிள்ளைப்பேறு. மாதவிடாய் நின்றபின் வரும் மாறுதல், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குதல், ஆண்டுக்கணக்கில் பளு தூக்குதல் ஆகியனவும் காரணங்களே. இவற்றுள் மலச்சிக்கலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் முக்கி முக்கித் தசைகளைக் கீழே தள்ளிக்கொண்டே மறுபுறம் பயிற்சி செய்வதால் பயன் என்ன? கீரையும் பழமும் போதிய தண்ணீரும் பயிற்சிக்குத் துணையானவை.

இத்தசைகளுக்கான பயிற்சியை 1948-இல் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆர்னால்டு கேகல் என்னும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர். ஆகவே உலகெங்கும் அது அவர் பெயரால் வழங்குகிறது. நம் நாட்டு யோகப் பயிற்சியில் மூலபந்தம் என்பதும் ஏறக்குறைய இதே தசைகளை இறுக்குவதுதான். ஆகவே இதனைப் புதுமையென்று அஞ்சவேண்டியதில்லை.

முதலில் தசையைக் கண்டறிய வேண்டும். நாலுபேர் நடுவே அமர்ந்திருக்கையில் வாயு பிரிய வருகிறது. அதை அடக்க எவ்விடத்தை இறுக்குவோமோ, அத்துடன் சிறுநீரையும் அடக்குவதுபோல் முன்புறத்தையும் சேர்த்து, உள்ளேயும் மேலேயும் இழுக்கவேண்டும். அவ்வளவே. தொடை, பிட்டம், அடிவயிறு ஆகியவை இறுகக்கூடாது, மூச்சையும் அடக்கக்கூடாது. சிலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகின்றனர். இது கேடே செய்யும். சிறுநீர் கழிக்கையில் நடுவில் நிறுத்திப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தசையை அறிந்துகொள்ள ஒரு முறை அவ்வாறு செய்தால் போதும். அதையே பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போகும்.

சிறுநீர் கழித்துவிட்டு, பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்னவாறு தசையை இறுக்கி மூன்று விநாடி பிடியுங்கள். பின்பு முற்றிலும் தளரவிட்டு, அதே அளவு நேரம் ஓய்வு கொடுங்கள். இறுக்குவதைப் போலவே தளரவிடுவதும் பயிற்சிதான். இப்படி எட்டு முறை செய்யுங்கள். நாட்கள் செல்லச் செல்ல மூன்று விநாடியை ஐந்தாக்கி, பின் பத்து வரை உயர்த்துங்கள். முடிவில், சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதையும் சில முறை செய்வது நல்லது. தும்மல் நமக்கு அவகாசம் கொடுப்பதில்லை அல்லவா! பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். தார் சுற்றும்போது செய்தாலும் அருகிலிருப்பவர் அறியமாட்டார்.

நாளைக்கு மூன்று வேளை செய்யவேண்டும். மறந்துவிடுவோமே என்பவர்க்கு ஒரு வழி உண்டு. கோவில் மணி மூவேளைச் செபத்துக்கு அழைக்கிறது. காலை, நண்பகல், மாலை என அதே மூவேளையையும் செபம் முடிந்தபின் இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இருமல் வருகிறது என்று உணர்ந்தவுடனே, குடத்தைத் தூக்கக் குனியும்போதே, முன்கூட்டித் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். இச்சிறு பழக்கமே பலருக்குப் பாதித் துன்பத்தைப் போக்கிவிடும்.

ஒரு வாரம் செய்துவிட்டுப் பலனில்லையென்று விட்டுவிடுவோர் பலர். தசை வலுப்பெறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டி நெறிகள், பயிற்றுநரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் இதைச் செய்துபார்த்த பின்பே மற்றச் சிகிச்சைகளை எண்ணவேண்டும் என்கின்றன. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2018-இல் வெளிவந்தது. இருமல் தும்மலால் கசிவு காணும் பெண்களில், பயிற்சி செய்தவருள் 100-க்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவருள் 6 பேரே அவ்வாறு கூறினர். எல்லாருக்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் செலவில்லாத ஒன்றுக்கு இது சிறிய பலனன்று.

வேறு சிலருக்கு இருமலால் அன்று, அவசரத்தால் கசிவு வரும். நீர் பிரியவேண்டுமென்ற எண்ணம் வந்த மறுகணமே ஓடவேண்டும். கழிப்பறைக் கதவைத் தொடுமுன் நனைந்துவிடும். இவர்களுக்கும் இப்பயிற்சி துணைசெய்யும். அத்துடன், எண்ணம் வந்தவுடன் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று தசையைச் சிலமுறை இறுக்கினால் அவசரம் சற்றுத் தணியும். அதன்பின் நிதானமாக நடந்து போகலாம். சிறுநீர் கழிக்கும் இடைவெளியை வாரந்தோறும் பத்துப் பதினைந்து நிமிடமாக நீட்டிக்கொண்டே வரலாம். காப்பி, தேநீரைக் குறைப்பது நலம். தண்ணீரைக் குறைப்பதோ தவறு. நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடியாதிருந்தால் சிறுநீர் செறிவுற்றுப் பையை மேலும் உறுத்தும்; கல்லடைப்புக்கும் அது வழிவகுக்கும்.

ஆண்களும் இதைப் படித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புராஸ்டேட் சுரப்பி அறுவைக்குப்பின் பல ஆடவர்க்கு இதே துன்பம் வருகிறது. அவர்களுக்கும் இதே பயிற்சியே கற்பிக்கப்படுகிறது.

பயிற்சியை மட்டும் நம்பியிருக்கக்கூடாத நிலைகளும் உள. சிறுநீரில் இரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், இரவும் பகலும் நில்லாத கசிவு, கருப்பை கீழிறங்கி வருவதுபோன்ற உணர்வு, சிறுநீர் பிரியாமல் அடைபடுதல் ஆகியவற்றில் எது இருப்பினும் தாமதியாமல் டாக்டரிடம் செல்லவேண்டும். கால்கள் திடீரென வலுவிழந்து, தொடையிடுக்கு மரத்துப்போய், அத்துடன் கசிவும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அடிக்கடி மிகுதியாக நீர் பிரிந்தால் சர்க்கரை நோய்ச் சோதனை அவசியம். பயிற்சியால் இடுப்பில் வலி கூடினாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிலருக்குத் தசை தளர்வதற்கு மாறாக இறுகியே இருக்கும்.

தசையைச் சரியாக இறுக்குகிறோமா என்ற ஐயமுடையோர்க்கு இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றது. கிராம செவிலியரிடம் விசாரித்தால் அருகில் எங்கே போகலாம் என்று சொல்வார்.

வாய்விட்டுச் சொல்லக் கூசுபவர்கள் இப்படிச் செய்யலாம். மூன்று நாளைக்கு, எப்போது நீர் குடித்தீர்கள், எத்தனை முறை சிறுநீர் பிரிந்தது, எந்நேரத்தில் என்ன செய்கையில் கசிந்தது என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். எழுதத் தெரியாத தாய்க்குப் பேத்தி எழுதித் தரட்டும். டாக்டர் முன் அமர்ந்ததும் ஒன்றும் பேசாமல் அத்தாளை நீட்டினாலே போதும். டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.