தடுப்பூசி அட்டைக்குள் இத்தனை கதையா?

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தடுப்பூசி அட்டை கொடுப்பார்களே! ஓரம் மடங்கி, பால் கறை பட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்குமே, அதேதான். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் என்னென்ன ஒளிந்திருக்கிறது தெரியுமா?

முதல் கட்டத்தில் பி.சி.ஜி. குழந்தையின் இடது தோளில், தோலுக்குள்ளேயே போடுகிற ஊசி. இந்த மருந்து உருளைக்கிழங்குத் துண்டில் வளர்ந்தது என்றால் நம்புவீர்களா? பிரான்ஸின் லில் நகரில் கால்மெட், கெரான் என்று இரண்டு பேர். மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை, மாட்டுப் பித்தத்தில் ஊறிய உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 1908இல் தொடங்கி 1921 வரை, 13 வருஷம், 230 தடவை! நடுவில் உலகப் போர் மூண்டு ஜெர்மன் படை ஊரையே பிடித்துக்கொண்டது. அப்போதும் வேலை நிற்கவில்லை. மாற்றி மாற்றி வளர்த்ததில் கிருமியின் வீரியம் போய்விட்டது. உடம்புக்குக் காசநோயை அடையாளம் காட்டும் குணம் மட்டும் மிஞ்சியது. 1921இல் முதல் குழந்தைக்கு இதை ஊசியாகப் போடவில்லை, வாயில்தான் கொடுத்தார்கள்!

நம் கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வுக்கூடம் வந்தது. பின்னாலேயே எதிர்ப்பும் வந்தது. யாரிடமிருந்து தெரியுமா? ராஜாஜியிடமிருந்து! 1955இல் இந்த ஊசியை எதிர்த்துத் தனிப் புத்தகமே போட்டார். அதோடு முடியவில்லை கதை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரைக் கொண்டு மாபெரும் சோதனை ஒன்று தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது. பிறகு ஏன் இன்னும் போடுகிறோம்? கைக்குழந்தைகளின் மூளை உறையில் வரும் காசநோயையும், உடம்பெங்கும் பரவுகிற காசநோயையும் இது நன்றாகத் தடுக்கிறது. பச்சைக் குழந்தையின் உயிரை எடுப்பவை அவைதான்.

ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிவந்து, பட்டாணி போலத் தடித்து, லேசாகச் சீழ் கோத்து உடையும். பாட்டி பதறிப்போய் மஞ்சள் பத்துப் போடக் கிளம்புவார். வேண்டாம் பாட்டி! ஒன்றும் தடவாமல் விட்டாலே ஆறித் தழும்பாகிவிடும். தாத்தாவின் கையில் இருக்கிற பெரிய வட்டத் தழும்பு வேறு, அது பெரியம்மைக்குக் குத்தியது. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தாகிவிட்டது.

சரி, முதல் ஊசிக்கு முன்னால் குழந்தை நிராயுதபாணியா? இல்லவே இல்லை! கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக மளமளவென்று உள்ளே இறங்குகின்றன. நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அவை தாயின் அளவையே மிஞ்சுவதும் உண்டு! கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி போடுகிறார்களே, அதில் பாதி பலன் இன்னும் பிறக்காத பிள்ளைக்குத்தான்.

அடுத்தது சீம்பால். அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, ராசியான கையால் சேனை வைக்கிற வழக்கம் இன்னும் போனபாடில்லை. சர்க்கரைத் தண்ணீரில் என்ன இருக்கிறது? சீம்பாலில் இருப்பது குழந்தையின் குடலுக்குக் காவல் நிற்கும் எதிர்ப்பொருள். இதைக் கேளுங்கள்: வீட்டில் சுற்றும் கிருமி ஒன்று தாயின் குடலுக்குள் போனால், அங்கே அதைப் பார்த்த செல்கள் மார்பகத்துக்குப் பயணம் போகின்றன, அந்தக் கிருமிக்கென்றே தயாரான எதிர்ப்பொருள் பாலில் வந்து சேர்கிறது! ‘எதிர்ப்புச் சக்தி டானிக்’ என்று விளம்பரத்தில் விற்கிற எந்தப் பாட்டிலும் இந்த வித்தையைக் காட்டாது.

தட்டம்மை ஊசிக்கு ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்? அதற்கும் காரணம் அம்மாதான்! அவர் கொடுத்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடம்பில் மிச்சமிருந்தால், ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸை அதுவே அடித்துப் போட்டுவிடும். குழந்தையின் உடம்பு பாடம் கற்காமலே போகும்.

தட்டம்மையின் மோசமான முகம் ஒன்று உண்டு. சொறியும் காய்ச்சலும் போனதும் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் இந்த வைரஸ் தேடிப்போய்ப் பிடிப்பதே, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களைத்தான்! பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக் கொளுத்தினது போல, அதுவரை சேர்த்த நினைவு கருகிப்போகிறது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்த முடிவு 2019இல் வெளியானது: சேர்த்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம்! தட்டம்மை வந்துபோன பிள்ளை அதன்பின் இரண்டு மூன்று வருஷம் மற்ற நோய்களுக்குச் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. ஊசி போட்ட குழந்தைக்கு இந்த மறதி வருவதில்லை. ‘இயற்கையாக வந்துபோகட்டுமே’ என்பவர்களிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

அதே ஒன்பதாம் மாதத்தில் வைட்டமின் ஏ திரவமும் ஊட்டுவார்கள், 1,00,000 யூனிட். பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மடங்கு. வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் கண்பார்வையே போகலாம். வீட்டில் முருங்கைக்கீரையும் பப்பாளியும் இருந்தால் இன்னும் நல்லது.

பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி எப்படி வந்தது தெரியுமா? 1963இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானியின் மகள் ஜெரில் லின்னுக்குத் தொண்டை வலி. அப்பா அவள் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸில் செய்த தடுப்பூசி, இன்றும் பல நாடுகளில் அவள் பெயரிலேயே இருக்கிறது! நம் அரசு அட்டவணையில் இந்த நோய்க்கு இடமில்லை, தனியாரில்தான் போட வேண்டும். நம் ரோட்டாவாக் சொட்டு மருந்தும் ஒரு குழந்தை தந்ததுதான்: டெல்லி எய்ம்ஸில், ரோட்டா வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வராமல் இருந்த பச்சிளங்குழந்தையிடமிருந்து எடுத்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டிக்குள் இருக்கும் மருந்துகளின் குணத்தைப் பாருங்கள். போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கவலையில்லை, சூடுதான் ஆகாது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடும் பென்டாவேலன்ட் நேர்மாறு: ஒருமுறை உறைந்தால் கெட்டது. போலியோ குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் இருக்கும். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். காட்டச் சொன்னால் செவிலியர் காட்டுவார். பென்டாவேலன்ட் உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அதற்கும் வழி உண்டு: அதே தொகுப்பைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஒரே வேகத்தில் வண்டல் இறங்கினால் சந்தேகக் குப்பியும் உறைந்ததுதான். குழந்தைக்குப் போட மாட்டார்கள்.