படகு நம்மளுது... கரை யாரோடது பாஸ்?

நடுக்கடல்ல வெள்ளை வெளேர்னு ஒரு சொகுசுப் படகு. கூலிங் கிளாஸ் போட்ட ஹீரோ ஸ்டைலா ஓட்டிட்டு வருவார். அடுத்த சீன்ல ஏதோ ஒரு வெளிநாட்டுக் கரையில இறங்கி டூயட் ஆட ஆரம்பிச்சிடுவார். நிஜத்துல அப்படி இறங்கிப் பாருங்க, டூயட்டுக்குப் பதிலா விசாரணைதான்!

'சொந்தப் படகு, சொந்த டீசல், யார் கேட்கப் போறா?'னு நானும் நினைச்சுட்டு இருந்தேன், எங்க காலேஜ் சீனியர் பல்பு வாங்கின கதையைக் கேட்கிற வரைக்கும்!

விசா இருந்துச்சு... ஆனா!

மெரைன் இன்ஜினீயரிங் முடிச்சு, சரக்குக் கப்பல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தவர் அந்த அண்ணன். கையில அமெரிக்காவோட 'சி1/டி' விசா. கப்பல் ஊழியர்களுக்குன்னே கொடுக்கிற விசா அது. திடீர்னு ஒரு வெளிநாட்டுப் பணக்காரரோட யாட்டுல, அதாங்க சொகுசுப் படகுல, இன்ஜினீயர் வேலை தேடி வந்துச்சு. சீசன் முழுக்க ஃப்ளோரிடா கரையோரம் சுத்தணும். சந்தோஷத்துல ஹாஸ்டலுக்கே வந்து எங்களுக்கெல்லாம் பரோட்டா ட்ரீட் வெச்சார்.

அடுத்த வாரம் கேப்டன்கிட்டேயிருந்து ஒரே ஒரு கேள்வி. "பி1/பி2 விசா இருக்கா?" இல்லை. புதுசா அப்ளை பண்றதுக்குள்ள வேலை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு.

மேட்டர் இதுதான். 'டி' விசாவுல வர்ற ஊழியர் அமெரிக்காவுல அதிகபட்சம் 29 நாள்தான் இருக்க முடியும். வெளிநாட்டிலிருந்து வர்ற தனியார் யாட் 29 நாளைத் தாண்டி அமெரிக்கக் கடல்ல சுத்தினா, அதுல வேலை பார்க்கிறவங்களுக்கு 'பி1' விசா வேணும். அதே கடல், அதே இன்ஜின் ரூம், அதே கிரீஸ் கறை. விசா மட்டும் வேற!

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் ஆப்பு!

'நம்ம பாஸ்போர்ட் ராசி அப்படி'னு கண் கலங்காதீங்க. பிரிட்டன்காரர் ஒருத்தர் விசா இல்லாம, 'எஸ்டா'ங்கிற ஆன்லைன் அனுமதியை மட்டும் வாங்கிட்டு, அமெரிக்காவுக்கு ஃப்ளைட்ல போய் 90 நாள் வரைக்கும் ஊர் சுத்தலாம். அதே ஆள் சொந்த யாட்டை ஓட்டிட்டுப் போனா எஸ்டா செல்லாது. முறையா விசா வாங்கியிருக்கணும்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? விமான கம்பெனிகள் அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டிருக்கு. 'இந்த ஆளை உள்ளே விடமாட்டோம்'னு அதிகாரி சொல்லிட்டா, அவரைத் திருப்பி அழைச்சிட்டுப் போறது கம்பெனியோட பொறுப்பு. சொந்தப் படகுக்கு அப்படிப் பொறுப்பேத்துக்க ஆள் கிடையாது.

கரீபியன்ல இதுக்கு ஒரு சூப்பர் வழி வெச்சிருக்காங்க. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. யாட்டை பிரிட்டிஷ் பக்கம் டார்டோலாவுல நிறுத்திட்டு, டிக்கெட் வாங்கி பயணிகள் படகுல அமெரிக்கப் பக்கம் செயின்ட் தாமஸுக்குப் போவாங்க. அந்தப் படகு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அங்கே அனுமதி வாங்கிட்டுத் திரும்பி வந்து, அப்புறமா சொந்த யாட்டுல ஜம்முனு போவாங்க!

ஆக, 'நீ யார்?'னு கேட்கிறதோட எல்லை நிறுத்திக்கிறது இல்லை. 'வேணாம்னு சொன்னா உன்னை யார் திருப்பிக் கூட்டிட்டுப் போவா?'ன்னும் கேட்குது. யாட் ஊழியர் பாதி வழியில வேலையை விட்டா, பல நாடுகள்ல அவர் ஊர் திரும்புற வரைக்கும் கேப்டன்தான் பொறுப்பு. அதான் எங்க அண்ணன்கிட்ட அந்த கேப்டன் முதல்ல விசாவைக் கேட்டிருக்கார்.

மஞ்சள் கொடி, காலியான தேன் பாட்டில்

வெளிநாட்டுத் துறைமுகத்துல நுழையும்போது யாட்டுல மஞ்சள் நிற 'கியூ' கொடி ஏத்தணும். 'எங்க படகுல நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்க'ன்னு அர்த்தம். அனுமதி கிடைக்கிற வரைக்கும் பல நாடுகள்ல கேப்டன் மட்டும்தான் கரையில கால் வைக்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்குக் குறைஞ்சது 12 மணி நேரம் முன்னாடி, நியூசிலாந்துக்கு 48 மணி நேரம் முன்னாடி தகவல் கொடுக்கணும். நியூசிலாந்துக்குள்ள தேன் கொண்டுபோகத் தடை. அதனால கரை தெரியறதுக்குள்ள பாட்டிலைக் காலி பண்ணிடுறது உத்தமம்! அமெரிக்காவுல வந்து சேர்ந்ததும் கேப்டன் தகவல் சொல்லலைன்னா, முதல் தடவைக்கே 5,000 டாலர் வரைக்கும் அபராதம்.

யாட் வேலைக்குப் போற ஐடியா இருக்கா?

* சம்பளத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி ரூட்டைக் கேளுங்க. எந்தெந்த நாடு, எத்தனை நாள், அதுக்கு எந்த விசா?

* 'கப்பல் விசா போதும் தம்பி'னு ஏஜென்ட் சொன்னா நம்பிப் பணம் கட்டாதீங்க. கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புற இந்திய ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கணும். நம்பரைக் கேட்டுச் சரிபாருங்க.

* சண்டை போட்டுட்டு யாட்டிலிருந்து சொல்லாம இறங்கிடாதீங்க. ஊழியர் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. முறைப்படி பேர் நீக்கிட்டு இறங்குங்க.

நம்ம சீனியர் அண்ணன் இப்போ பி1/பி2-வுக்கு அப்ளை பண்ணியிருக்கார். பரோட்டா ட்ரீட்? இந்தத் தடவை விசா கைக்கு வந்த பிறகுதானாம்!