பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பல்கலைக்கழகம்
எண்ணிம ஆவணகங்களும் விசேட சேகரிப்புகளும் பற்றி ஓர் அறிமுகம்

சில மாதங்களுக்கு முன்னர் நிந்தவூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் காக்கா தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப நாட்களை நேரில் கண்டவர். "அந்தக் காலத்துப் போட்டோ ஏதும் கிடக்கா?" என்று கேட்டதும், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி வைத்தார்.

உள்ளே ஏழெட்டுப் படங்கள். ஒன்றில் கட்டடமொன்றின் முன்னால் இருபது பேரளவில் வரிசையாக நிற்கிறார்கள். தன்னைக் காட்டினார், இன்னும் நாலு பேரைச் சொன்னார். பிறகு விரல் நின்றுவிட்டது. "மத்தவங்கட பேர் ஞாபகம் வருகுதில்ல தம்பி. இந்த ஓரத்தில நிக்கிறவர் மௌத்தாகிட்டார்." படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இன்னும் கனக்க இருந்த" என்றார் அவருடைய மனைவி. "சுனாமியோட போனது போக, மிச்சத்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக்குள்ள இவர்தான் எரிச்ச."

ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு எப்படித் தொலைகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

யுத்தச் சூழலில் கிழக்கிலும் வடக்கிலும் கல்வியைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியிலிருந்தே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து, ஒலுவிலில் நிலைகொண்டது. இவற்றை வர்த்தமானியில் பார்க்கலாம். பேரவைக் கூட்டக் குறிப்புகள் தீர்மானங்களைச் சொல்லும். பட்டமளிப்பு விழா மலர்கள் பட்டம் பெற்றோரின் பெயர்களைச் சொல்லும். ஆனால் முதல் தொகுதி மாணவர்கள் எங்கே தங்கினார்கள், சோதனைச் சாவடிகளைக் கடந்து விரிவுரையாளர்கள் எப்படி வந்து போனார்கள், எந்தக் குறிப்பை எத்தனை பேர் போட்டோ கொப்பி எடுத்துப் படித்தார்கள் என்பவற்றை எந்த வர்த்தமானியும் சொல்லாது. அவை பிஸ்கட் டின்களுக்குள்தான் இருக்கின்றன.

களஞ்சியம் வேறு, ஆவணகம் வேறு

"அதுதான் யுனிவர்சிட்டி வெப்சைட்டில எல்லாம் போட்டிருக்கே" என்று சிலர் சொல்வதுண்டு. இங்கே ஒரு தெளிவு வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இன்று எண்ணிமக் களஞ்சியங்களை நடத்துகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவது டிஸ்பேஸ் என்னும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டுத் தொகுப்புகள், ஆய்வேடுகள் ஆகியவை இந்தக் களஞ்சியங்களில் சேர்கின்றன. பல்கலைக்கழகம் உற்பத்தி செய்த அறிவு அது.

ஆவணகம் என்பது வேறு. பல்கலைக்கழகம் நடந்த விதத்தின் தடயங்கள் அங்கே இருக்கும்: மூதவை, பேரவைக் குறிப்புகள், கடிதக் கோவைகள், கட்டட வரைபடங்கள், மாணவர் இடாப்புகள், பழைய பாடத்திட்டங்கள்.

மூன்றாவது, விசேட சேகரிப்பு. இது வெளியிலிருந்து வந்து சேர்வது. ஓய்வுபெற்ற பேராசிரியரின் குறிப்புக் கொப்பிகள், முஸ்லிம் மஜ்லிஸின் ஆண்டு மலர்கள், மாணவர் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள், ரோனியோவில் அடித்த கவிதை ஏடுகள், ஒலிநாடாக்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் பலவற்றுக்கு உலகிலேயே ஒரு பிரதிதான் இருக்கும்.

களஞ்சியம் நிறைந்திருப்பதைப் பார்த்து ஆவணகமும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 2020இல் எழுதிய கட்டுரை தொலைந்தால் அதை எழுதியவரிடம் இன்னொரு பிரதி இருக்கலாம். 1995இல் எடுத்த படம் தொலைந்தால் தொலைந்ததுதான்.

காகிதங்கள் மனிதர்களோடு போய்விடும்

இலங்கையின் மூத்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. 1921இல் கொழும்பில் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகமாகியது. 1952இல் பேராதனைக்கான பெரும் இடமாற்றம் நடந்தது. இவற்றின் நடுநாயகமாக நின்றவர் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அவர் விட்டுச்சென்ற தனிப்பட்ட ஆவணங்களின் தொகுதி இன்று லண்டனில், பொதுநலவாயக் கற்கைகள் நிறுவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பேராதனை உருவான கதையைச் சொல்லும் அவருடைய சுயசரிதை, அவர் 1965இல் இறந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தே, 2005இல் இலங்கையில் நூலாக வந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதர் போகும்போது அவருடைய காகிதங்களும் கூடவே போகும், அது இயல்பு. லண்டனுக்குப் போனவை பத்திரமாகவாவது இருக்கின்றன. நம் ஊர்களில் ஒருவர் மௌத்தானால் அவருடைய கொப்பிகள் பெரும்பாலும் பழைய கடதாசிக்காரனிடம்தான் போய்ச் சேர்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கலாநிதி எம்.எம். உவைஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றியது. 1953இல் அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அதன்பின் இத்துறையில் இறங்கிய எவரும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஓர் ஆய்வேடு தட்டில் தூசு படிந்து கிடக்காமல் வாசகரின் கைக்கு வந்ததால் ஒரு துறையே வளர்ந்தது. அப்படி வராமற்போன ஆய்வேடுகள் எத்தனையோ?

ஸ்கேன் எடுத்தால் போதுமா?

போதாது. ஸ்கேன் முதல் படி மட்டுமே.

காகிதங்களைக் குறைந்தது 300 புள்ளி அடர்த்தியிலும், படங்களை அதைவிடக் கூடுதலாகவும் எடுக்க வேண்டும். மூலப் பிரதியைச் சுருக்கம் எதுவும் செய்யாத டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, வாசகருக்குச் சிறிய பிடிஎஃப் அல்லது ஜேபெக் பிரதியைக் கொடுக்கலாம். வட்ஸ்அப்பில் வந்த படம் ஆவணமாகாது. அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடுகிறது.

அடுத்தது பிரதிகள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறோர் இடத்தில் என்பதே ஆவணகர்களின் எளிய விதி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் ஓரிடத்தில் மட்டும் இருந்ததால் ஓர் இரவோடு போயின. எண்ணிம வடிவம் என்பதாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2023 ஒக்டோபரில் லண்டன் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்குள்ளாகி, எண்ணிமப்படுத்திய சுவடிகளை வாசகர்கள் மாதக்கணக்காகப் பார்க்க முடியாமற்போனது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை என்றால், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கை மேசை லாச்சிக்குள் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மீதரவு. ஒரு படத்தைப் பற்றிய தகவல்: யார், எப்போது, எங்கே, யார் எடுத்தது, யாரிடமிருந்து வந்தது. உலகெங்கும் நூலகங்கள் இதற்கு டப்ளின் கோர் என்னும் 15 கூறுகள் கொண்ட அமைப்பைப் பயன்படுத்துகின்றன. படத்தை ஸ்கேன் செய்ய ஐந்து நிமிடம் போதும். இந்த விபரங்களைச் சேர்க்க ஐந்து வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும். ஆவணகத்தின் உண்மையான வேலை அதுதான். மீதரவு இல்லாத ஆயிரம் படங்களைக் கணினியில் ஏற்றினால், பிஸ்கட் டின்னைப் பெரிதாக்கியதாக மட்டுமே அமையும்.

பாமினிப் பிரச்சினை

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1990களிலும் அதற்குப் பின்னும் தமிழில் தட்டச்சான கடிதங்கள், மலர்கள், ஆய்வேடுகள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். கணினி உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே வரும். தேடினாலும் ஒரு தமிழ்ச் சொல் அகப்படாது. பிளொப்பியிலும் சீடியிலும் கிடக்கும் இந்தக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி, மனிதக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்து வைக்க வேண்டும். 1950களின் காகிதம் இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது. 1998இன் பிளொப்பிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

எதைத் திறப்பது, எதை மூடுவது

கிடைத்ததெல்லாம் இணையத்தில் போடுவதற்கல்ல. மாணவரின் புள்ளிகள், ஒழுக்காற்று விசாரணைக் கோவைகள், மருத்துவச் சான்றிதழ்கள் அமானிதங்கள். அவற்றைப் பாதுகாக்கலாம், பரப்பக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். பதிப்புரிமையும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கிறது. ஆகவே ஒருவர் கொப்பிகளைத் தரும்போதே, எதை இப்போது வெளியிடலாம், எதை எப்போது திறக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நாம் செய்யக்கூடியது

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இன்று இலங்கை முஸ்லிம்களின் எத்தனையோ நூல்களையும் சஞ்சிகைகளையும் அங்கே வாசிக்க முடிகிறது. ஆகவே இது பெரிய நிதி வந்த பிறகுதான் தொடங்கலாம் என்ற வேலையல்ல.

வீட்டில் பழைய படமோ மலரோ இருந்தால் லெமினேட் செய்யாதீர்கள். அது காப்பாற்றாது, நாளடைவில் கெடுத்துவிடும். படத்தின் பின்னால் பேனையால் எழுதாமல், மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். மூத்தவர்களின் பக்கத்தில் இருந்து, படத்தைக் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகரோடு பேசுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமில்லையென்றால், ஸ்கேன் எடுக்க மட்டும் கொடுக்கலாம்.

நூறு ஆண்டுப் பழமையான பல்கலைக்கழகம் தன் ஆரம்பத்தைக் காகிதத்தில்தான் தேட வேண்டும். முப்பது வருடத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. அதன் முதல் மாணவர்களில் பெரும்பாலோர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

அன்று நிந்தவூரில் அந்தப் படத்தை நகலெடுத்து, காக்காவின் பழைய கூட்டாளிகள் இருவருக்கு அனுப்பினோம். இரவு பத்து மணிக்கு முன்னர் இன்னும் ஆறு பெயர்கள் கிடைத்தன. மீதிப் பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.